10-18 லென்ஸை வைத்துக்கொள்வதா, விற்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோபி_வாய்க்கால்:

வணக்கமுங்க. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோவையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் கேனான் 10-18 லென்ஸ் வாங்கினேன். அகலமாக எடுக்கிற ஜூம் லென்ஸ்; இந்த எம்.எம். எண் குறையக் குறைய படத்தில் அதிக அகலம் அடங்கும். 11,000 ரூபாய். மற்றபடி என்னிடம் இருப்பது கேனான் 200டி கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 50 எம்.எம். லென்ஸ். இப்போது கரூர்க்காரர் ஒருவர் 9,000-க்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா என்று ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வாங்கியதற்குக் காரணம் கொடிவேரி. 18-ல் வைத்தால் தடுப்பணையில் பாதிதான் வரும், பின்னால் நகர்ந்தால் யாராவது ஒருவர் துண்டைக் கட்டிக்கொண்டு குறுக்கே வருவார். எல்லாம் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்று ஆசை. லென்ஸ் வந்த அடுத்த ஞாயிறே போனேன். எல்லாம் அடங்கியது. அணை முழுக்க, வானம் முழுக்க, குளிக்கிற கூட்டம் முழுக்க, மீன் வறுக்கிற கடை வரைக்கும். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் விழுகிற தண்ணீர் ஒரு வெள்ளைக்கோடு, ஆட்கள் எல்லாம் எறும்பு. வீட்டில் அம்மணி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எதைங்க பாக்கறது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்தது மச்சினன் கல்யாணம். மண்டபத்தில் சீர் நடக்கிற இடம் குறுகல். சரி, இதற்குத்தானே வாங்கினோம் என்று 10-ல் வைத்துக் குடும்பப் படம் எடுத்தேன். நடுவில் நின்ற மாப்பிள்ளையும் பெண்ணும் லட்சணமாக இருந்தார்கள். ஓரத்தில் நின்ற சின்ன மாமியார் மட்டும் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி. "ஏனுங் மாப்ள, என்னைய மட்டும் ஊதி உட்டுட்டீங்க" என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

போன ஞாயிறு உட்கார்ந்து, படங்களைச் சேர்த்து வைக்கிற லைட்ரூம் மென்பொருளில் கணக்குப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் வைத்திருக்கிற படம் 3,870. இந்த லென்ஸில் எடுத்தவை 412. அதில் 263 படம் 16-க்கும் 18-க்கும் நடுவில். 18 என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது! 10, 11 என்று நிஜமாகவே அகலத்தில் எடுத்தவை 61 தான். இதற்கு 11,000 ரூபாயா?

வெள்ளோட்டு_நாரை:

கொடுத்துடுங்க அண்ணா. நானும் இதே மாதிரி ஒன்று வைத்திருந்து விற்றேன், ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. எனக்கு வெள்ளோடு குளத்துக்கரையும் பறவையும்தான் வேலை. 10 எம்.எம்.-இல் கூழைக்கடா எடுத்தால் குளம் மட்டும்தான் தெரியும். விற்ற காசோடு கொஞ்சம் போட்டு, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற 55-250 லென்ஸ் வாங்கினேன். ஆசைப்பட்டு வாங்கியதற்காகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

நொய்யல்கரை:

தம்பி, விற்பதும் விற்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் 263 படத்தை 16-18-ல் எடுத்திருக்கிறீர்கள் என்றால், இந்த லென்ஸை இன்னும் உபயோகித்தே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நானும் முதலில் அப்படித்தான். இடம் போதாதபோது எடுக்கிற லென்ஸ் என்று நினைத்திருந்தேன். 18-ல் மூலைக்கு மூலை சுமார் 74 டிகிரி தெரியும், 10-ல் 107. அத்தனை அகலத்துக்குள் கொடிவேரியைத் தூரத்தில் நின்று போட்டால் அது எறும்பாகத்தான் ஆகும், வேறென்ன ஆகும்? இந்த லென்ஸை வைத்துக்கொண்டு பின்னால் போகக் கூடாது. முன்னால் போக வேண்டும். பக்கத்தில் இருப்பது பிரம்மாண்டமாகும், தூரத்தில் இருப்பது சுருங்கிப் பின்னால் நிற்கும். கொடிவேரியில் ஈரப்பாறை ஒன்றின் மேல் முழங்காலிட்டு, பாறையிலிருந்து ஓர் அடியில் கேமராவைப் பிடித்திருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும். வேட்டி நனையும், அது வேறு விஷயம்.

எனக்கு இது புரிந்த இடம் அந்தியூர். ஆடியில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தை. தூரத்தில் நின்று நூறு படம் எடுத்தேன், எல்லாம் கூட்டமும் புழுதியும். அப்புறம் ஒரு வெள்ளைக் குதிரைக்காரர், "பயப்படாம கிட்ட வாங்க, கடிக்காது" என்றார். போனேன். மூஞ்சியிலிருந்து ஓர் அடி தள்ளி 10-ல் வைத்தேன். குதிரை என்ன நினைத்ததோ, மூக்கை நீட்டி லென்ஸை முகர்ந்து பார்த்தது. அந்த நொடியில் அமுக்கினேன். முக்கால் படம் மூக்குத் துளையும் மீசை முடியும், அதன் இரண்டு பக்கமும் சந்தை மொத்தமும். கண்ணாடியில் ஒட்டிய சளியைத் துடைக்கத்தான் அரை மணி நேரம். (பின்னங்கால் பக்கம் மட்டும் இந்த லென்ஸோடு போய்விடாதீர்கள்.)

ஃபோகஸைப் பற்றிக் கவலையே வேண்டாம். 10 எம்.எம்., எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு) வைத்து இரண்டரை அடியில் ஃபோகஸ் செய்தால் ஒன்றேகால் அடியிலிருந்து மலை வரைக்கும் தெளிவாக வரும். கேமராவை மேலே கீழே சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். திருச்செங்கோட்டில் கோபுரத்தை அண்ணாந்து எடுத்தேன், மல்லாக்க விழுகிற மாதிரி வந்தது. அதுவே வேண்டுமென்று எடுத்தால் சரி, தெரியாமல் எடுத்தால் தப்பு.

ஒன்று செய்யுங்கள். ஜூம் வளையத்தை 10-ல் வைத்து டேப் ஒட்டுங்கள். மூன்று வாரம் அதையே எடுத்துக்கொண்டு போங்கள். அப்புறம் கரூர்க்காரருக்குப் பதில் சொல்லலாம்.

சிவன்மலை_படிக்கட்டு:

கல்யாணத்துக்கு இதைக் கொண்டுபோன உங்களுக்கு முதலில் சின்ன மாமியார் கையால் ஒரு மாதம் சாப்பாடு நிறுத்த வேண்டும். ஆட்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், சாமி. ஓரத்தில் தூணை நிறுத்துங்கள், அது கோபித்துக்கொள்ளாது.

உடுமலைக்_காத்தாடி:

நான் விற்றுவிட்டுத் திரும்ப வாங்கியவள். அதனால் என் பேச்சை எவ்வளவு நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புது ஃபோனில் 0.5 என்கிற அகலக் கேமரா வந்ததும், இது இருக்கிறபோது அது எதற்கு என்று கொடுத்துவிட்டேன். பகலில் உண்மையிலேயே குறை சொல்ல முடியவில்லை. திருமூர்த்தி மலை, அமராவதி அணை, தோப்பு, எல்லாம் ஃபோனிலேயே எடுத்தேன். பிரச்சினை பொழுது சாயும்போதுதான் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் காற்றாலைகள் அழகாக இருப்பதே அந்த அரை மணி நேரம்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, மேற்கே மேகம் கிழிந்து சிவந்து கிடக்கும். ஃபோன் படத்தைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது. அப்புறம் ஃபோன் எடுத்தால் ஃபோனில்தான் பார்ப்போம், பிரேம் போட்டு மாட்டியது ஒன்றுகூட இல்லை. திரும்ப வாங்கியதில் 3,000 ரூபாய் நஷ்டம். வீட்டுக்காரரிடம் 1,000 என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, வானத்தின் நீலத்தைக் கூட்டுகிற போலரைசர் ஃபில்டர் வாங்கி மாட்டிவிடாதீர்கள். இவ்வளவு அகலத்தில் வானம் ஒரே நிறமாக வராது. ஒரு பக்கம் கருநீலம், இன்னொரு பக்கம் வெளுப்பு. நான் மாட்டி எடுத்த படத்தில் வானத்தில் எண்ணெய் கொட்டின மாதிரி இருந்தது.

நீங்கள் எடுப்பது என்ன என்று சொல்லவே இல்லையே அண்ணா? அணையும் கல்யாணமும் மட்டும்தானா? அப்படியென்றால் நாரை சொன்னதுதான் சரி, கொடுத்துவிடுங்கள்.

கோபி_வாய்க்கால்:

மூன்று வாரம் ஆயிற்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க. காத்தாடி அக்கா கேட்ட கேள்வி குத்தியது. நான் என்ன எடுக்கிறேன் என்று எனக்கே தெரியாது, போகிற இடத்தில் இருப்பதை எடுக்கிறேன், அவ்வளவுதான்.

நொய்யல்கரை அண்ணன் சொன்ன மாதிரி டேப் ஒட்டினேன். முதல் வாரம் சுத்த வீண். வாய்க்கால் மேட்டில் நின்று நெல்வயல் எடுத்தேன். பச்சையில் ஒரு கீற்று, மேலே முக்கால் படம் வெற்று வானம். ஜூமைத் திருப்பக் கை தானாகப் போகும், டேப் தடுக்கும், கடுப்பாக இருக்கும். இரண்டாம் வாரம் எடுக்கவே இல்லை.

மூன்றாம் வாரம் பவானியில் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அவர் ஜமக்காளத் தறிக்காரர், குழித்தறி. தறி இருக்கிற அறை பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும், அதில் முக்கால்வாசி தறியே. இதுவரை அந்த அறைக்குள் நான் எடுத்த படமெல்லாம் வாசலில் நின்று எடுத்தவை. பெரியப்பாவின் தலையும் தறியின் ஒரு மூலையும் வரும். இந்தத் தடவை உள்ளே போய், தறிக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தேன். கேமரா ஜமக்காள விளிம்பிலிருந்து முக்கால் அடி. சிவப்பும் பச்சையும் நீலமுமாக நெய்து முடித்த பட்டைகள் என் மூக்குக்கு அடியில் ஆரம்பித்து எதிர்ச்சுவரைப் பார்த்து ஓடுகின்றன. ஒவ்வொரு இழையும் கயிறு மாதிரி தடியாகத் தெரிகிறது. நடுவில் பெரியப்பா, இடுப்பு வரைக்கும் குழிக்குள். அவருக்குப் பின்னால் வாசல் வெளிச்சத்தில் பெரியம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறார், சுண்டுவிரல் உயரம்தான், ஆனால் முகம் தெரிகிறது.

ஜன்னல் வெளிச்சம் மட்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, எஃப் 4.5, 1/15 வினாடி. லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசர் இருப்பதால் தறி ஆடாமல் நின்றது, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளுகிற கை மட்டும் கலைந்து புகை மாதிரி வந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கினேன். பெரியப்பா நெய்வதை நிறுத்தாமலே, "இதுக்கு மேல வந்தீன்னா உன்னையும் ஊடை நூலா உட்டு நெய்ஞ்சு போடுவேன், கண்ணு" என்றார்.

அந்தப் படத்தை அம்மணியிடம் காட்டினேன். எதைப் பார்ப்பது என்று கேட்கவில்லை. "பெரியத்தைக்குப் பின்னாடி சொவுத்துல தொங்கறது நம்ம கல்யாண போட்டோதானுங்களே?" என்றாள். நான் கவனிக்கவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், ஆமாம்.

கரூர்க்காரருக்கு ஃபோன் போட்டு, மன்னிச்சுக்குங்க, கொடுக்கவில்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப அந்த 18-55 சும்மாதானுங்களே கெடக்கும், அதைக் குடுங்க" என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். சின்ன மாமியாரின் பேத்திக்கு அடுத்த மாதம் காதுகுத்து, அது முடியாமல் 18-55-ஐக் கொடுக்க முடியாது.

அப்புறம் நொய்யல்கரை அண்ணா, டேப்பை எடுத்ததில் வளையம் முழுக்கப் பசை பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கிறது. ரப்பர் பாழாகாமல் எதைப் போட்டுத் துடைப்பது? ஆடியில் அந்தியூர் போகும்போது நானும் வருகிறேன், சொல்லுங்க.