மீட்புக் குழுவிடமிருந்து ஒன்றரை வயது நாட்டு நாய்: கூட்டி வருவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சத்துவாச்சாரி மாடிவீடு:
வணக்கம். சத்துவாச்சாரியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், மேலே மொட்டை மாடி. நான், மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன், ஆயா. பகலில் ஆயா மட்டும்தான் வீட்டில் இருப்பார். காட்பாடி பக்கம் ஒரு மீட்புக் குழுவினர் ஒன்றரை வயதுப் பெண் நாயைத் தரத் தயாராக இருக்கிறார்கள். நாட்டு நாய், 14 கிலோ, இப்போது ஒரு ஃபாஸ்டர் வீட்டில் (தத்துக் கொடுக்கும் வரை தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்) இருக்கிறது. வண்டியில் அடிபட்டுத் தேறியதாம். கருத்தடை ஆகிவிட்டது. நாலு மாதம் முன்பு உண்ணிக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது என்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும், என்ன தயார் செய்ய வேண்டும்? இதற்குப் பதில் குட்டியாக எடுப்பது நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஃபாஸ்டர்:
முதலில் அந்த உண்ணிக் காய்ச்சலைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். "சரியாகிவிட்டது" என்று அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றில்லை, இந்த நோயின் குணமே அப்படி. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டு மூன்று நாளிலேயே காய்ச்சல் விட்டு நாய் சாப்பிட ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்துப் பாதியில் மாத்திரையை நிறுத்துவது எங்கும் நடப்பது. கிருமி உடம்புக்குள் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும். பிறகு ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கி மூக்கில் ரத்தம் வரும்போதுதான் வெளியே தெரியும். உண்ணி பரப்பும் இன்னொரு ரத்த ஒட்டுண்ணியான பபீசியா என்றால் மருந்தே வேறு, டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது. ஆகவே எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்று எழுதிய மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கூட்டி வருவதற்கு முன் ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் ஸ்மியரும் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள், செலவை நீங்களே ஏற்றாலும் பரவாயில்லை. பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைப் பார்க்கும் கிட்டில் பாசிட்டிவ் என்று வந்தால் மட்டும் பயந்துவிடாதீர்கள். குணமான நாய்க்கும் அது மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும்.

நேரில் போகும்போது மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளிறியே இருந்தால் அன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம்.

அடிபட்ட நாய், உங்களுக்கோ முதல் மாடி. அதனால் ஏதாவது ஒரு படிக்கட்டில் ஏறி இறங்க வைத்துப் பாருங்கள். ஏறும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரி தாவினால் இடுப்பிலோ முட்டியிலோ வலி இருக்கலாம். எக்ஸ்ரே இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தால் உள்ளே மலப்பாதை நெருக்கப்பட்டு, மலம் கழிக்க வெகுநேரம் முக்கும். ஃபாஸ்டர் வீட்டாரிடம் இதை வெட்கப்படாமல் கேளுங்கள், தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று, தெருவில் வளர்ந்த பெண் நாய் என்பதால் பிறப்புறுப்பில் ரத்தச் சொட்டு இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இணைசேரும்போது பரவும் கட்டி ஒன்று உண்டு, கருத்தடை செய்தாலும் அது போகாது. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி வீதம் நாலு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகும். அதனால் அதற்காக அவளை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சிகிச்சை முடிந்தபின் கூட்டி வாருங்கள்.

தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், டாக்டரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். பேனாவில் தேதி மட்டும் எழுதியிருந்தால் ரேபிஸ் ஊசியை மறுபடி போட்டுவிடுங்கள். இரண்டாம் முறை போடுவதால் கெடுதல் இல்லை.

பாலாற்றங்கரை:
தத்தெடுத்த நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். அதுவும் வண்டியிலிருந்து இறக்கும்போது, இல்லையென்றால் யாரோ கேட்டைத் திறக்கும்போது. புது இடம் அதற்கு வீடாகத் தெரியாது. ஃபாஸ்டர் வீட்டைத் தேடி ஓடும், உங்களுக்கும் அதற்கும் நடுவே பாலாறும் காட்பாடி ரயில் பாதையும் இருக்கின்றன. சத்துவாச்சாரியில் நாலு தெரு தாண்டினால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ஏற்கெனவே வண்டியில் அடிபட்ட நாய் சார், இதில் அலட்சியமே கூடாது.

கழுத்துப்பட்டை மட்டும் போதாது. நாட்டு நாய்க்குத் தலை குறுகல், பின்னோக்கி இழுத்தால் பட்டை காதைத் தாண்டிக் கழன்று வந்துவிடும். பட்டை ஒன்று, மார்பைச் சுற்றும் ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் தனித்தனி லீஷ் மாட்டுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும். பட்டையில் உங்கள் போன் எண் பொறித்த தகடு முதல் நாளே இருக்க வேண்டும். ஆட்டோ வேண்டாம், கதவு மூடும் காரில் கூட்டி வாருங்கள். கீழ் கேட்டைச் சாத்தியபின் கார் கதவைத் திறங்கள்.

வீட்டுக்குள் ஒரு மூலையை ஒதுக்கி, அது பயன்படுத்திய பழைய துணியை ஃபாஸ்டர் வீட்டிலிருந்து வாங்கி வந்து போடுங்கள். முதல் மூன்று நாள் சாப்பிடாமல், கட்டிலுக்கடியில் கிடந்தாலும் கிடக்கும். இழுக்காதீர்கள். வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று மீட்புக்காரர்கள் சொல்வது அனுபவக் கணக்கு. குளிப்பாட்டுவது, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். மொட்டை மாடியில் தனியாக விடவே விடாதீர்கள், பயந்த நாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதிக்கும்.

ரங்காபுரம் 2:
பையன் சின்னவன் என்கிறீர்களே, குட்டியாக எடுத்தால் கூடவே வளர்ந்து ஒட்டிக்கொள்ளாதா? பெரிய நாயின் குணம் நமக்கு என்ன தெரியும்?

காட்பாடி ஃபாஸ்டர்:
குணம் தெரிவது பெரிய நாய்க்குத்தான். சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் உறுமுமா, குழந்தைகளைக் கண்டால் ஒதுங்குமா என்பதை ஃபாஸ்டர் வீட்டார் பார்த்துச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டி நாளைக்கு எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குட்டிக்கு நைன் இன் ஒன் என்ற கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை போக வேண்டும். அதுவரை குட்டிகளுக்கு ரத்தபேதி உண்டாக்கும் பார்வோ வைரஸ் பயம்தான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி ஊசி மருந்தை அமுக்கிவிடும் என்பதால்தான் அத்தனை தவணை. ஒரே ஊசியோடு நிறுத்திய குட்டிகள்தான் ரத்தபேதியோடு ஆஸ்பத்திரிக்கு வருகின்றன. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப் போகவும் வேண்டும். பகலெல்லாம் ஆயா படி ஏறி இறங்குவாரா? இந்த வீட்டுக்கு ஒன்றரை வயது நாய்தான் சரி.

சத்துவாச்சாரி மாடிவீடு:
மிக்க நன்றி. ஆயா தான் சாப்பிடுவதையே போடலாம் என்கிறார்: காலையில் இட்லி சாம்பார், மதியம் தயிர் சாதம். போதுமா? மே மாத வெயிலை நினைத்தாலும் கவலையாக இருக்கிறது.

தொரப்பாடி கால்நடை:
சாம்பார் வேண்டாம். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் ஆபத்து. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்து தேறிய நாய்க்கு இது இன்னும் மோசம். தயிர் சாதம் கெடுதல் இல்லை, ஆனால் அதில் புரதம் போதாது.

கருத்தடையான 14 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 800 கலோரி தேவை. வெந்த சோறு 250 கிராம், உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழி 200 கிராம், ஒரு முட்டை, ஒரு கை கேரட்டோ பூசணியோ, ஒரு ஸ்பூன் எண்ணெய். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெறும் சதையில் கால்சியம் இல்லை. முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, மிக்ஸியில் நைசாக அரைத்து நாளைக்கு அரை டீஸ்பூன் சேருங்கள். வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது, கூராகப் பிளந்து குடலைக் குத்தும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. அதை வைத்துச் சோற்றைக் கூட்டிக் குறையுங்கள். முதல் வாரம் ஃபாஸ்டர் வீட்டுச் சாப்பாடே தொடரட்டும். பிறகு கால் பங்கு கால் பங்காக ஒரு வாரத்தில் மாற்றுங்கள், சட்டென்று மாற்றினால் பேதியாகும்.

வேலூர் வெயிலுக்கு வருவோம். மேலே மொட்டை மாடி என்றால் மாலை ஆனாலும் கூரை அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். பகலில் நாய் படுக்க நடுக்கூடத்துத் தரையும் மின்விசிறியும், இரண்டு இடத்தில் மண்சட்டியில் தண்ணீரும் வேண்டும். காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். விடாமல் இரைத்து, எச்சில் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதும், மாட்டுக்குத் தெளிக்கும் மருந்தைக் கணக்கில்லாமல் கலந்து ஊற்றுவதும் நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது. இரண்டும் வேண்டாம். எடையைச் சொல்லி அஃபாக்ஸோலேனர் மாத்திரை மாதம் ஒன்று, அல்லது ஃப்ளூராலேனர் 12 வாரத்துக்கு ஒன்று, டாக்டர் சீட்டோடு வாங்கிச் சாப்பாட்டுடன் கொடுங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழுப்பு உண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதனால் நாய் மேல் ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் மருந்தை நிறுத்தக் கூடாது.

பாலாற்றங்கரை:
விட்டுப்போன இரண்டு. வீட்டு உரிமையாளர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், குழுவினர் வீடு பார்க்க வரும்போது கேட்பார்கள். பையனுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள்: நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, அதுவாக வந்தால் கழுத்துக்குக் கீழே தடவலாம். பல்லோ நகமோ பட்டு லேசாகக் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள். நாய்க்கு ஊசி போட்டாயிற்றே என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், அட்டையை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.