மறு: ‘த்ரெட் இன்டெலிஜென்ஸ் ஷேரிங்’ தமிழில்?

> ‘அச்சுறுத்தல் தகவல் பகிர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாமே? நாளிதழ்களில் புழங்குகிறதே.

வணக்கம் ஐயா. இணையத் தாக்குதல்களைப் பற்றித் தெரிந்ததை நிறுவனங்கள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்வதற்கான சொல்லைத்தான் தேடுகிறோம்.

புழங்குவது உண்மைதான். ஆனால் அச்சுறுத்தல் என்றால் ஒருவர் இன்னொருவரை மிரட்ட வேண்டும். பணப் பரிவர்த்தனை நிறுவனத்தின் கணினியில் ஒளிந்திருந்து அட்டை எண்களைத் திருடும் தீநிரல் (மால்வேர்) யாரையும் மிரட்டுவதில்லை. அது இருப்பதே தெரியாது. ‘தகவலும்’ தளர்வான சொல். வங்கி விடுமுறைகூடத் தகவல்தான்.

என் பரிந்துரை ‘துப்பு’. “துப்புக் கொடுப்போருக்குச் சன்மானம்” என்ற சுவரொட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், விளக்கம் தேவைப்படாது. ஒரு ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்) தனியாக நின்றால் தடயம். யார், எந்த வழியாக நுழைந்தார்கள், அடுத்து எங்கே போவார்கள் என்று கோத்துப் பார்க்கும்போது அது துப்பாகிறது.

> சரி, ‘பகிர்வு’ ஏன் கூடாது?

கொடுப்பது மட்டும் அதில் தெரிகிறது, பெறுவது தெரியவில்லை. அமெரிக்காவின் ஹார்ட்லேண்ட் பேமென்ட் சிஸ்டம்ஸ் என்ற அட்டைப் பரிவர்த்தனை நிறுவனத்தின் கணினிகளில் நடந்த ஊடுருவல் 2009 ஜனவரியில் வெளியே தெரிந்தது. சுமார் 13 கோடி அட்டைகளின் எண்கள் களவுபோயின என்று பிறகு கணக்கு வந்தது. அவமானம் என்று அந்த நிறுவனம் ஒடுங்கிவிடவில்லை. 1999 முதல் இயங்கும் எஃப்எஸ்-ஐசாக் என்ற, நிதி நிறுவனங்கள் துப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் மையத்தின் கீழ், பரிவர்த்தனை நிறுவனங்களுக்கென ஒரு மன்றம் அதே ஆண்டில் உருவாக முன்னின்றது. தன்னைத் தாக்கிய தீநிரலின் மாதிரியைப் போட்டியாளர்கள் கையிலேயே கொடுத்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த நிறுவனத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. ஒருவர் பட்ட அடி மற்றவருக்குக் கேடயமாகி, அவர்கள் கண்டதும் இவருக்குத் திரும்பி வந்தால் அது பரிமாற்றம்.

இங்கே இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு வேறு வகை. இணையத் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அந்த அமைப்பிடம் சொல்லியாக வேண்டும். அது கடமை, மேல்நோக்கிப் போவது. அதை ‘நிகழ்வு அறிவிப்பு’ என்போம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், சட்டத்துக்காகக் கொடுப்பதும் பக்கத்து வங்கி தப்பட்டும் என்று கொடுப்பதும் ஒன்றாகிவிடும்.

ஆகவே: துப்புப் பரிமாற்றம்.

இன்னொன்றும் பாக்கி. துப்பை யாருடன் பகிரலாம் என்று குறிக்கும் போக்குவரத்து விளக்கு நெறிமுறையில் சிவப்புக்கும் பச்சைக்கும் சிக்கலில்லை. ‘ஆம்பருக்கு’ செம்மஞ்சள் என்று எழுதிவருகிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.