ஏ.எல். பிரிவு, கெம்பஸ், "இந்தக் காலத்துப் பிள்ளைகள்": உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தலவாக்கலை மாணவி:

எனக்கு 22 வயது. கலைப்பீடத்தில் முதலாம் வருடப் பரீட்சை இப்போதுதான் முடிந்தது. விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலேயே விசாரணை தொடங்கிவிடும். "இந்த வயசுல இன்னும் முதலாம் வருஷமா?" "ஆர்ட்ஸா? வேற ஒன்னும் கிடைக்கலையா?" நான் வாய் திறப்பதற்குள் தீர்ப்பும் வந்துவிடும்: "போனைக் கையில குடுத்து இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கெடுத்துட்டாங்க."

முதலில் வயதுக் கணக்கு. நான் 2022ஆம் ஆண்டு உயர்தர (ஏ.எல்.) மாணவி. அந்தப் பரீட்சை நடந்ததே 2023 ஜனவரியில். விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்துவதைப் புறக்கணித்ததில் இழுபட்டு, பெறுபேறு செப்டம்பரில்தான் வந்தது. அப்புறம் வெட்டுப்புள்ளி (பல்கலைக்கழகம் போகத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி), பதிவு, விடுதி என்று இன்னும் பல மாதம். எங்களுக்கு முந்தினவர்கள் 2021 பரீட்சையை 2022 பெப்ரவரியில் எழுதினார்கள். அடுத்தவர்கள் 2023 பரீட்சையை 2024 ஜனவரியில். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு சோம்பேறியாகிவிட்டோம் போல! இடையில் கொரோனா, 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு. கொரோனா நேரம் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறி, எந்தப் போனில் பாடம் கேட்டோமோ அதே போன்தான் இப்போது பிள்ளைகளைக் கெடுக்கிற சாமான்.

ஆர்ட்ஸ் விஷயத்தை எழுதினால்தான் எனக்குக் கோபம் வரும். ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சையில் கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் நல்ல பெறுபேறு. பயோ படிக்க ஆசை. ஆனால் எங்கள் பாடசாலை 1சி வகை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலையில்தான் இருக்கும். 1சி என்றால் கலையும் வணிகமும் மட்டும். வகை 2 என்றால் 11ஆம் வகுப்போடு சரி. டவுனில் இருக்கும் ஒரு 1ஏபி பாடசாலையில் இடம் கேட்டோம். "முதலில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு" என்றார்கள், பிறகு போனால் வகுப்பு நிரம்பிவிட்டது என்றார்கள். இடம் கிடைத்திருந்தாலும் தினமும் பஸ் காசு வேண்டும், இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் தனித்தனி டியூஷன் வேண்டும். அம்மாவின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். கலைப் பிரிவு விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கலைப் பிரிவிலாவது கேட்டது கிடைத்ததா? பொருளியல் கேட்டேன், ஆசிரியர் இல்லை. ஐசிடி கேட்டேன், கணினி அறை பூட்டியே கிடந்தது. கடைசியில் தமிழ், இந்து நாகரிகம், புவியியல். இதில் புவியியல் மட்டும் நிஜமாகவே பிடித்துப்போனது, அந்த மிஸ்ஸால். மண்சரிவுப் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைத் திறப்பார். புதிதாக வெட்டின பாதை, அடைபட்டுக் கிடக்கிற கான், சரிந்துபோன தேயிலை எல்லாம் எதிர்மலையிலேயே தெரியும்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். கோயில் திருவிழா அன்னதானப் பந்தியில் பக்கத்தில் ஒரு மாமா. கொழும்பில் கடை வைத்திருக்கிறார். "நாங்க மண்ணெண்ணெய் வெளக்குல படிச்சவங்க. உங்களுக்கு எல்லாம் இருக்கு, படிக்க மனசுதான் இல்ல" என்றார். எதுவரை படித்தீர்கள் என்று கேட்டேன். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். எட்டாம் வகுப்பு என்றார். "ஏன் மாமா நிப்பாட்டிட்டீங்க?" "எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அதுக்கு மேல வகுப்பு இல்லையே." சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

அவருக்கு மேல் வகுப்பு இல்லாதது விதி. எனக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லாதது மட்டும் போனினால் வந்த கேடா?

கெம்பஸில் வேறு மாதிரி. "நுவரெலியா மாவட்டமா? அப்போ வெட்டுப்புள்ளி குறைவுதானே" என்று ஒரு பையன் வந்த புதிதிலேயே கேட்டான். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 சதவீதம் மாவட்டப்படி, மிச்ச 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் ஏன் இருக்கின்றன என்று அவன் கேட்கவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஹப்புத்தளைக்காரன்:

நான் டெக்னாலஜி. 2013இல் ஆரம்பித்த பிரிவு. எங்கள் பாடசாலைக்குக் கட்டடம் வந்தது, மெஷின் வந்தது, தமிழில் படிப்பிக்க ஆள் மட்டும் வரவில்லை. 'பொறியியல் தொழில்நுட்பம்' என்ற பெயரைக் கேட்டதும் அப்பா தோட்டம் முழுக்க "மகன் எஞ்சினியருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். இதில் போனால் தொழில்நுட்பவியல் பட்டம், பொறியியல் பீடம் வேறு என்று எத்தனை தடவை விளக்கியும் பயனில்லை. இப்போது தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால், யார் வீட்டு மோட்டார் தண்ணி இழுக்காவிட்டாலும் எனக்குத்தான் ஆள் வரும். சரிசெய்ய முடியவில்லை என்றால் "என்னத்த படிக்கிறானோ."

பத்தனையிலிருந்து ஓர் ஆசிரியர்:

மகள், நான் இங்கே ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெற்றவன். உங்கள் மாமா பொய் சொல்லவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். அதற்கு முன் பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு நீங்கள் ஏ.எல். வரை போனதே பெரிய காரியம். எந்தப் பிரிவு என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கணித ஆசிரியர் இருந்த பாடசாலையிலும் "கஷ்டம் சேர்" என்று ஆர்ட்ஸுக்குப் போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் வசதிக் குறை என்று எழுதித் தள்ள முடியாது.

தலவாக்கலை மாணவி:

சேர், அந்தப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து கணித ஆசிரியர் இருந்தாரா? ஏ.எல். வந்த பிறகு ஆசிரியரைக் கொடுத்தால் கஷ்டமாகத்தானே இருக்கும்?

பத்தனையிலிருந்து ஓர் ஆசிரியர்:

பாதிப் பேருக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பேருக்கு டிக்டொக்தான், அதை நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள்.

பதுளை, வெளிவாரி மாணவி:

எல்லாப் பெரியவர்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பல்கலைக்கழகம் போக ஏ.எல். மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றும் எழுதி வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவள் நான். சொந்தக்காரர் எல்லாம் கொழும்பில் துணிக்கடை வேலை பார்த்துத் தருவதாக வந்தார்கள். அப்பாயிதான் "அவ படிக்கட்டும், நீங்க டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று அனுப்பினார். கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல் அடையாளம்தான். தன் சேமலாப நிதிக் காசில் எனக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். காலையில் முன்பள்ளியில் வேலை, இரவில் வெளிவாரிப் படிப்பு, அதாவது கெம்பஸில் சேராமல் வெளியிலிருந்து பட்டத்துக்குப் படிப்பது. "வெளிவாரிப் பட்டமெல்லாம் ஒரு பட்டமா" என்று என்னிடம் கேட்டது யார் தெரியுமா? என்னோடு படித்து உள்வாரியாகப் போன என் வயதுப் பிள்ளைதான்.

தலவாக்கலை மாணவி:

பதுளை அக்கா, அப்பாயி அந்த டீ வசனத்தைச் சொன்னபோது சொந்தக்காரர் முகத்தைப் பார்க்க நான் அங்கே இல்லாமல் போய்விட்டேனே!

சேர், டிக்டொக்கையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் லயத்தில் அதை அதிகம் பார்ப்பது அந்த மாமாவின் வயதுக்காரர்கள்தான், அது வேறு கதை.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். முதலாம் வருடப் புள்ளியைப் பார்த்துத்தான் விசேட பட்டத்துக்கு (ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் பட்டம்) எடுப்பார்கள். புவியியல் கேட்கப் போகிறேன். கணினியில் மண்சரிவு வரைபடம் செய்யும் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) பாடம் எனக்கு வேண்டும், ஆனால் அதை ஆங்கிலத்தில்தான் எடுப்பார்கள் என்று மேல் வருட அக்கா ஒருவர் பயமுறுத்துகிறார். தமிழ்மொழியில் படித்து அந்தப் பாடத்தைச் செய்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் படிவம் கொடுக்க வேண்டும்.