நாலு ஏக்கர் கொறங்காடு: சரளையை வழித்துவிட்டு வண்டல் அடிக்கலாமா?

தெற்குத்தோட்டம்:
திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி அடைத்து மேய்ச்சலுக்கு விட்ட மானாவாரிக் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே இருபது வெள்வேல மரம், மற்றபடி கொழுக்கட்டைப் புல்தான். செம்மண். ஆனால் ஒரு கை அள்ளினால் புளியங்கொட்டையிலிருந்து எலுமிச்சை அளவு வரை சரளை. மண் பரிசோதனை அட்டையில் மணல் கலந்த இருமண்பாடு (மணல் கூடுதலாக, களி குறைவாகக் கலந்த மண்), அங்ககக் கரிமம் (மட்கிலிருந்து வரும் கரிச்சத்து) 0.4 சதவீதம் என்று வந்திருக்கிறது. ஜேசிபி விட்டு மேலே ஓர் அடி வழித்து எடுத்துவிட்டு, குளத்து வண்டல் அடித்து முருங்கை வைக்கலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா?

முருங்கைத்தோப்பு:
தாராளமாகச் செய்யுங்க. நானும் கொறங்காட்டை உழுதுதான் முருங்கை வைத்தேன். மழை தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுவதால் முருங்கைக்கு வேரழுகல் இல்லை, அது ஒன்றுதான் இந்த மண்ணில் நல்ல குணம். மற்றபடி இதில் என்ன இருக்கிறது? தண்ணீரும் பிடிக்காது, உரமும் தங்காது, கொழு மாட்டினால் கல்லில் தேய்ந்தே போகும். புல்லை மேய்ச்சலுக்கு விட்டு வருகிற குத்தகையில் வேலி கட்டுகிற கூலிகூடத் தேறாது.

சரளைமேடு:
தம்பி, ஜேசிபிக்குச் சொல்லியிருந்தால் முதலில் நிறுத்துங்க. ஓர் அடி வழித்தால் சரளை மட்டுமா போகும்? புல்வேர் மட்கி உண்டான மேல்மண் மொத்தமும் அதோடு போய்விடும். கீழே தோண்டிப் பாருங்க, இன்னும் அதிகமாகச் சரளையோ சுண்ணாம்புக் கல்லோதான் இருக்கும்.

அட்டையைப் பற்றி ஒன்று. பரிசோதனைக் கூடத்தில் மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததைத்தான் சோதிப்பார்கள். மேலே நின்ற கல் கணக்கிலேயே வராது. உங்கள் 0.4 சதவீதம் சலித்த மண்ணுக்கு மட்டும்தான். காட்டில் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கு கல் என்றால் ஏக்கருக்கு உள்ள சத்தும் அந்த அளவு குறைவு. அட்டையைப் பார்த்து உரக்கணக்குப் போடுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

முருங்கைத்தோப்பு:
அப்போ நீங்களே சொல்லிட்டீங்களே, சத்தும் குறைவு என்று! தண்ணீர்க் கணக்கும் நான் சொல்கிறேன். மணல் இருமண்பாடு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் பயிருக்குப் பிடித்து வைக்கும். அதில் 30 சதவீதம் கல் என்றால் 70. நம்ம பக்கம் நல்ல மண் இருப்பதே ஒன்றேகால் அடி, அதாவது 40 சென்டிமீட்டர், அப்போ 28 மில்லிமீட்டர். பங்குனி வெயிலில் ஒரு வாரம் தாங்குமா? கரிசல் இதைப்போல இரண்டு மூன்று பங்கு பிடிக்கும்.

சரளைமேடு:
கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நமக்கு மழை எப்படி வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்க. வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி, அதிலும் ஐப்பசி கார்த்திகை போக மற்றதெல்லாம் பத்து, பதினைந்து என்று தூறிவிட்டுப் போகிற மழை. காய்ந்து கிடக்கும் கரிசலில் 15 மில்லிமீட்டர் பெய்தால் ஏழெட்டு சென்டிமீட்டர்தான் நனையும், சில நாள் வெயிலில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அதே மழை நம் சரளை மண்ணில் 20 சென்டிமீட்டருக்குப் போகும். வெயில் தொட முடியாத ஆழம் அது, கொழுக்கட்டை வேர் அங்கேதான் காத்திருக்கிறது. மழை அதிகம் உள்ள ஊரில் கரிசல் ஜெயிக்கும், வறண்ட ஊரில் மணல்மண்ணில்தான் புல் நிற்கும். இஸ்ரேலின் சூழலியல் ஆய்வாளர் நோய்-மெயிர் 1973இலேயே இதை எழுதியிருக்கிறார். நம் பெரியவர்கள் எந்தக் காட்டைக் கொறங்காடாக விட்டார்கள் என்று பார்த்தாலே தெரியும்.

வண்டல் யோசனையும் வேண்டாம். பருமண்ணின் மேல் மென்மண்ணைப் பரப்பினால், மேலடுக்கு நன்றாக ஊறும் வரை தண்ணீர் கீழே இறங்காது. வேர் மேலேயே படர்ந்து கிடக்கும், ஆடிக்காற்று அடிக்கும்போது முதலில் காய்வது அதுதான்.

பட்டிக்காரி:
நான் ஆடு மேய்க்கிற குடும்பம். கல்லை அள்ளினால் ஆடிக்காற்றில் என்ன ஆகும் என்று கேட்டீங்களா? போன வருசம் பக்கத்துக் காட்டை உழுது போட்டார்கள், வாசல் முழுக்கச் செம்புழுதி. எங்கள் காட்டில் புல்லும் கல்லும் இருந்ததால் ஒரு பிடி மண் நகரவில்லை. வெள்வேலங்காய் கொட்டுகிற மாசத்தில் குட்டிகள் எப்படித் தேறும் என்பதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முருங்கைத்தோப்பு:
அக்கா, மேலே கல் குமிந்து கிடப்பதே மென்மண் அரித்துப் போனதற்கு அடையாளம்தானே? அதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? எத்தனையோ கொறங்காடுகள் வெறும் தரையாகக் கிடக்கின்றன. மழை பெய்தால் சிமெண்டுத் தரைபோல ஓடுகிறது, நீங்கள் சொல்கிற 20 சென்டிமீட்டர் அங்கே எங்கே நனைகிறது?

சரளைமேடு:
இது நியாயமான கேள்வி. இரண்டு விதமான கல் இருக்கிறது. மண்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிற கல் மழைத்துளியின் அடியைத் தாங்கும், அதன் அடியில் தண்ணீர் இறங்கும், ஈரமும் ஆவியாகாது. அளவுக்கு மீறி மேய்த்த காட்டில் துளி நேரடியாக விழுந்து மென்மண் பசைபோலாகி ஓடுபோல இறுகும், கல் அந்த ஓட்டுக்குள் பதிந்துகொள்ளும். பதிந்த கல் தண்ணீரைத் தள்ளித்தான் விடும். தம்பி, மழை பெய்த மறுநாள் ஒரு கல்லைக் காலால் தட்டிப் பாருங்க. நகர்ந்து அடியில் ஈரம் தெரிந்தால் காடு நன்றாக இருக்கிறது. பல்லைப் பிடுங்குவதுபோல ஓட்டோடு பெயர்ந்தால் மேய்ச்சலை நிறுத்தணும்.

தெற்குத்தோட்டம்:
நேற்று இரவு ஒரு மழை. காலையில் கடப்பாரையோடு போய் இரண்டு இடத்தில் குழி எடுத்தேன். கொழுக்கட்டைத் தூருக்குப் பக்கத்தில் ஒரு சாணுக்கு மேல் ஈரம், கல்லுக்கு அடியில் நூல்போல வெள்ளை வேர் ஒட்டிக்கொண்டு வந்தது. வேலியோரம் ஆடு படுக்கிற வெறுந்தரையில் நாலு விரல்தான், கல்லும் ஓட்டோடுதான் பெயர்ந்தது. ஒரே காடு, ஒரே மழை. ஜேசிபி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிணற்றுக்குப் பக்கத்தில் அரை ஏக்கரில் மட்டும் குழி எடுத்து, எரு போட்டு முருங்கை வைக்கிறேன். வெறுந்தரையை என்ன செய்வது?

முருங்கைத்தோப்பு:
அரை ஏக்கர் பத்தாது, ஒரு ஏக்கராவது வைங்க, புல்லை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. ஆனால் வழித்துக் கொட்ட வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், நானும் அப்படிச் செய்யவில்லை, குழியில் மட்டும்தான் எரு போட்டேன்.

சரளைமேடு:
வெறுந்தரையில் இறுகிய மண் ஓட்டை உடைக்க ஒரு உழவு, சரிவுக்குக் குறுக்கே. அப்புறம் கொழுக்கட்டை விதையோடு கொஞ்சம் நரிப்பயறும் தூவி, அந்தப் பருவம் முழுக்க ஆடு விடாமல் வேலி அடையுங்க. புது விதை வேண்டாம், முளைக்காது. ஆறு மாதமாவது சாக்கில் கிடந்த பழைய விதையாகப் பார்த்து வாங்குங்க.

பட்டிக்காரி:
எங்களிடம் போன வருசத்து விதை அரை மூட்டை இருக்கிறது. ஆள் அனுப்பினால் தருகிறேன்.