பழைய மடிக்கணினி யாரிடமாவது இருக்கிறதா?

உறவுகளே, வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அருகே எங்கள் சனசமூக நிலையத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடி, கணினியும் இணையத் தேடலும் பழகுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொல்லித் தருகிறார். இருப்பதோ ஒரே கணினி. மவுஸுக்கு அடிபடாத குறைதான்.

தேடுவதில் ருசி பிடித்துவிட்டது. முதலில் ஐயா ஒருவர் "நெல்" என்று மட்டும் அடித்தார். கண்டதெல்லாம் வந்து குவிந்தது. "நெற்பயிர் இலை மஞ்சளாகக் காரணம்" என்று அடித்ததும் வேண்டியது கிடைத்தது. அன்று முதல் அவரை எழுப்புவதே பெரும்பாடு! ஆனால் முடிவுகளின் உச்சியில் வருவது விளம்பரமாக இருக்கலாம் என்று கவனிக்காமல் அழுத்திவிடுகிறார்கள். பணம், வங்கி விடயம் என்றால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

தட்டச்சும் சிக்கல்தான். பாமினி என்ற தமிழ்த் தட்டச்சு முறை தெரிந்தவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் கைபேசியில் பேசித்தான் தேடுகிறார்கள்.

எங்களுக்குத் தேவை, இயங்கும் நிலையில் பழைய மடிக்கணினி ஒன்றிரண்டு, விசைகளில் ஒட்டப் பெரிய தமிழ் எழுத்துகள். மோசடிப் பக்கங்களை இனங்காணப் பொறுமையாகச் சொல்லித்தரும் தம்பி, தங்கை யாராவது வந்தால் இன்னும் நல்லது. பஸ் காசும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. கணினி கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்தாலும் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம்.