எட்டு வயது மகனுக்கு ஒட்டும் வகை இன்சுலின் பம்ப் வாங்கலாமா?

மதுரை அம்மா:
மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். ராத்திரி, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் லாண்டஸ் இன்சுலின், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் வேகமாக வேலை செய்யும் நோவோராபிட், சாயங்காலம் ஏதாவது தின்றால் இன்னொரு ஊசி. ஒரு நாளைக்கு மொத்தமே 20 யூனிட்தான், ஆனால் அரை யூனிட் கூடினாலே சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி, ஊசிக்குப் பதிலாக உடம்பில் ஒட்டிக்கொண்டு இன்சுலினைச் செலுத்தும் குட்டி பம்ப், ஆம்னிபாட், வாங்கி அனுப்பட்டுமா என்கிறான். குழாயே கிடையாதாம். யாராவது பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறீர்களா? நம்ம ஊர் வெயிலுக்கும் இவன் ஆடும் ஆட்டத்துக்கும் தாங்குமா?

லண்டன் வாசி:
என் மகள் போட்டிருப்பது ஆம்னிபாட் 5. எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு இங்கே 2023 டிசம்பரில் பரிந்துரைத்த பிறகு, அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது, அதனால் செலவு பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, கையிலோ வயிற்றிலோ தொடையிலோ ஒட்டிவிட்டால் மூன்று நாள். ஒட்டியதும் டிக் டிக் என்று சத்தம் வரும், பிறகு பட்டென்று ஊசி இறங்கி, மெல்லிய குழலை மட்டும் தோலுக்குள் விட்டுவிட்டுத் தானே திரும்பிவிடும். அந்த டிக் டிக் நேரம்தான் என் மகளுக்குப் பயம், கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். உங்களுக்குப் பெரிய லாபம், 0.05 யூனிட் அளவுக்குக்கூட மருந்து கொடுக்கலாம், இன்சுலின் பேனாவில் அது நடக்காது. தோலில் ஒட்டிய சென்சார் காட்டும் சர்க்கரை அளவை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே கூட்டும் குறைக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் எவ்வளவு மாவுச்சத்து என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று கவனியுங்கள் தங்கச்சி, குறைந்தது 85 யூனிட் நிரப்பினால்தான் பாட், அதாவது அந்த ஒட்டும் கருவி, வேலையே செய்யும். உங்கள் மகனுக்கு மூன்று நாளில் 60தான் போகும், மிச்சம் குப்பைக்கு.

கோவை டைப்1:
நான் குழாய் உள்ள மினிமெட் 780ஜி பம்ப் போட்டிருக்கிறேன், இந்தியாவிலேயே வாங்கியது. தம்பி அனுப்புவதை நம்பி ஆரம்பிக்காதீர்கள் அக்கா. பம்ப் ஒருமுறைச் செலவு இல்லை. மூன்று நாளுக்கு ஒரு பாட் என்றால் மாதம் பத்து வேண்டும், சென்சார் தனி. பார்சல் ஒரு வாரம் சுங்கத்தில் நின்றால் என்ன செய்வீர்கள்? ஒரு பாட் பாதியில் பழுதானால் யாரைக் கூப்பிடுவீர்கள்? இங்கே சர்வீஸ் இருக்கும் கருவி, கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் என் கருத்து. 780ஜி ஏழு வயதிலிருந்தே போடலாம். இடுப்பில் ஒரு பவுச் கட்டிவிட்டால் குழாய் வெளியே தெரியாது.

வெயில் விஷயம்: ஆடலாம், ஓடலாம். ஆனால் பம்புக்குள் இருக்கும் இன்சுலின் 37 டிகிரிக்கு மேல் சூடானால் கெட்டுவிடும், நேர் வெயில் படாமல் சட்டைக்குள் இருக்கட்டும். ஒட்டும் முன் ஸ்பிரிட் துடைத்த இடம் நன்றாகக் காயட்டும், வியர்வைக்கு மேலே ஒரு டேப்.

டயபெடிஸ் நர்ஸ்:
எந்த பம்ப் என்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பம்புக்குள் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான், லாண்டஸ் நிறுத்தப்படும். குழல் மடங்கினாலோ பாட் கழன்றாலோ உடம்பில் கையிருப்பு என்று எதுவுமே இருக்காது, சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் ஆபத்தான அமிலம்) ஏற ஆரம்பிக்கும். காரணம் தெரியாமல் சர்க்கரை 250க்கு மேல் நின்றால் கீட்டோன் பாருங்கள், டாக்டர் எழுதிக்கொடுத்த அளவைப் பேனாவில் போடுங்கள், பிறகு பாட்டையோ, குழாய் உள்ள பம்ப் என்றால் குழாயையோ மாற்றுங்கள். பேனாவும் கீட்டோன் ஸ்டிரிப்பும் பள்ளிப் பையில் எப்போதும் இருக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருக்கிறாரா?

மதுரை அம்மா:
வகுப்பு டீச்சர் ஊசி போட மாட்டேன் என்கிறார், ஆனால் போன் பண்ணுவார். வீடு பக்கம்தான், பத்து நிமிடத்தில் நான் போய்விடுவேன். கோவை தம்பி, அந்த பவுச்சோடு தூங்குவதற்கு ஆரம்பத்தில் தொந்தரவாக இருந்ததா? இவன் படுக்கையில் உருண்டுகொண்டே இருப்பான்.

கோவை டைப்1:
முதல் வாரம் இருந்தது அக்கா. நீளம் குறைந்த குழாய் கேட்டு வாங்குங்கள், பவுச் முன்பக்கம் இருக்கட்டும். வாங்கும் முன் டெமோ பம்பை இரண்டு நாள் கட்டிப் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.