குவாத்தமாலாவில் எரிமலை ஏற்றமும் மாயர்களின் மலைப்பாதைகளும்: எதை முதலில் வைப்பது?

மேகநடை (கேள்வி):
வணக்கம். வரும் ஜனவரியில் நானும் என் தங்கையும் பத்து நாள் பயணமாகக் குவாத்தமாலா செல்கிறோம். அந்திகுவா நகருக்கு வந்த மறுநாளே அகாத்தெனாங்கோ எரிமலையில் ஏறி, இரவு அங்கேயே கூடாரத்தில் தங்கி, எதிரே ஃபுவேகோ எரிமலை நெருப்பைக் கக்குவதைப் பார்க்க விரும்புகிறோம். அதன்பின் 'பழைய மாயர் பாதை' என்று விளம்பரப்படுத்தப்படும் மூன்று நாள் நடை ஒன்றையும் சேர்த்துக்கொள்ள எண்ணம். இந்த வரிசை சரியா? வழிகாட்டி இல்லாமல் செல்ல முடியுமா? அந்தப் பாதைகள் உண்மையிலேயே பழையவையா, அல்லது சுற்றுலாவுக்காகச் சூட்டிய பெயர்தானா? இருவருக்கும் நடைப் பழக்கம் உண்டு. ஆனால் 2,500 மீட்டருக்கு மேல் இதுவரை தங்கியதில்லை.

சாம்பல்தடம்:
வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். அந்திகுவா ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அகாத்தெனாங்கோவின் உச்சி 3,976 மீட்டர். பெரும்பாலோர் ஏறத் தொடங்கும் லா சோலெதாத் கிராமம் 2,400 மீட்டர் அளவில் இருக்க, கூடாரங்கள் 3,600 மீட்டரை ஒட்டிப் போடப்பட்டிருப்பதால், முதல் நாள் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் 1,200 மீட்டர் ஏறி, அதே உயரத்தில் உறங்கவும் வேண்டியிருக்கிறது. உடல் பழகாதவருக்குத் தலைவலியும் குமட்டலும் வருவது அங்கேதான். கால் வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. என்னுடன் வந்தவர்களில் நன்றாக ஓடிப் பழகிய ஒருவர்தான் முதலில் படுத்தார். தலைவலி முற்றினால் இறங்குவது ஒன்றே வழி. ஆகவே முதலில் மேட்டுநிலத்தில் சில நாள் நடந்துவிட்டு, எரிமலையைப் பயணத்தின் கடைசிப் பகுதிக்கு ஒதுக்குங்கள். இடையில் ஒரு நாள் 2,552 மீட்டர் உயரமுள்ள பகாயாவில் ஏறிப் பார்த்தால், சாம்பல் மண்ணில் நடப்பது எப்படி என்பதும் பிடிபடும்.

அகாத்தெனாங்கோவின் கடைசி ஏற்றம் முழுவதும் தளர்ந்த எரிமலைக் கற்பொடி. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். முதல் ஒரு மணி நேரம் சோளக்கொல்லைகளுக்கு நடுவே போகும் பாதை, பிறகு ஈரம் சொட்டும் மேகக்காட்டில் நுழைந்து, பைன் மரங்களைக் கடந்து மொட்டைச் சரிவுக்கு வருகிறது. இரவில் ஃபுவேகோ வெடிக்கும்போது முதலில் ஒளிதான் தெரியும்: சிவந்த கற்கள் எழும்பிச் சரிவில் உருண்டு ஓடுகின்றன, எங்கும் நிசப்தம். ஒன்பது, பத்து எண்ணிய பிறகே இடி போன்ற ஓசை வந்து சேரும், கூடாரத் துணி அதிரும். இரு உச்சிகளுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் அளவே இருக்கிறது என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.

குளிரை எளிதாக எண்ண வேண்டாம். ஜனவரி மழையற்ற காலம்தான், ஆனால் இரவில் வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே போவதுண்டு. காற்றும் சேர்ந்தால் நிலைமை கடுமையாகிவிடும். 2017 ஜனவரியில் இதே மலையில் ஆறு பேர் உடல் விறைத்து இறந்தனர். எனக்கு வாடகைக்குக் கொடுத்த மேலங்கியின் இழுவைப்பல் (ஜிப்) பாதியில் அறுந்து, இரவு முழுவதும் கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். வழிகாட்டி கட்டாயம் வேண்டும். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

ஏரிக்கரையோன்:
பாதைகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கல் பாவி உயர்த்திக் கட்டிய வெண்சாலைகளைத்தான் பலர் 'மாயர் பாதை' என்று எண்ணுகிறார்கள். அவை வடக்கே பெத்தேன் தாழ்நிலக் காடுகளிலும் யுகாத்தான் தீபகற்பத்திலும் உள்ளவை. மலைப்பகுதியில் நீங்கள் நடக்கப்போவது வேறு: ஊரையும் வயலையும் சந்தையையும் இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள். அவற்றைப் பழையவை என்பதைவிட இன்றும் உழைப்பவை என்பதே பொருத்தம். மாயர்கள் மறைந்துபோன இனம் அல்லர். வழியில் எதிர்ப்படுவோர் கிச்சே, மாம், இஷில், கக்சிக்கெல் மொழிகளில் பேசிக்கொண்டு செல்வதைக் கேட்பீர்கள்.

உங்களுக்கு ஏற்றது கெட்சால்தெனாங்கோவிலிருந்து அதித்லான் ஏரி வரையிலான மூன்று நாள் நடை. அந்த நகரை உள்ளூரார் 'ஷேலா' என்பார்கள். அதன் உயரமே 2,330 மீட்டர் என்பதால் உடல் தானாகப் பழகிவிடும். வழியில் உள்ள சாந்தா கத்தரீனா இஷ்தாவக்கானில் 1998-இல் மிட்ச் புயலால் மண் சரிந்தபின், மக்களில் பெரும்பாலோர் மலைமேல் புதிய ஊர் அமைத்துக் குடியேறினர். சிலர் பழைய ஊரிலேயே தங்கிவிட்டனர். மூன்றாம் நாள் விடியலில் ஏரி முழுவதும் காலடியில் விரியும். பழங்காலப் பெருவெடிப்பில் நிலம் உள்ளிறங்கி உண்டான பள்ளம் அது; அதன் தென்கரையில் சான் பெத்ரோ, தோலிமான், அதித்லான் என மூன்று எரிமலைகள் நிற்கின்றன.

நெபாஹிலிருந்து தோதோஸ் சாந்தோஸ் வரை குச்சுமத்தானெஸ் மலைத்தொடரைக் கடக்கும் நடை இன்னும் அழகானது, ஆனால் அதற்கு ஐந்தாறு நாள் வேண்டும். அதில் நெபாஹ் பகுதி இஷில் மக்களின் நாடு; 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில், குறிப்பாக 1980-களின் தொடக்கத்தில், அங்கே ஊர் ஊராக எரிக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாகக் கொள்வது நல்லது. அவர் தாமாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம். ஏரியைச் சுற்றிய சில பாதைகளில் வழிப்பறியும் நடந்திருக்கிறது. அங்கும் தனியாகச் செல்லாதீர்கள்.

மேகநடை:
இருவருக்கும் மிக்க நன்றி. ஷேலா நடையை முதலில் வைத்துவிட்டோம். கூடாரத்திலிருந்து ஃபுவேகோவின் முகட்டுக்கே அழைத்துச் செல்வதாகவும் சொல்கிறார்கள், போகலாமா?

சாம்பல்தடம்:
நான் போகவில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். 2018 ஜூன் 3 அன்று ஃபுவேகோவிலிருந்து இறங்கிய வெப்பச் சாம்பல் பாய்ச்சல் சான் மிகெல் லோஸ் லோதெஸ் ஊரையே புதைத்துவிட்டது. வழக்கமான சிறு வெடிப்பு எப்போது பெரிதாகும் என்று வழிகாட்டியாலும் சொல்ல இயலாது. புறப்படும் முன் எரிமலைகளைக் கண்காணிக்கும் இன்சிவுமே நிறுவனத்தின் அன்றைய அறிக்கையைப் பாருங்கள்.

ஏரிக்கரையோன்:
ஒன்றை விட்டுவிட்டேன். ஷேலா நடையில் நெற்றியில் 'மெகாபால்' என்னும் தோல்பட்டையை மாட்டி, முதுகில் விறகுக் கட்டோடு குனிந்து வருபவர்களைக் காண்பீர்கள். அவர்களால் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. தொலைவிலேயே நின்று வழி விடுங்கள். ஒதுங்கும்போது மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.